இறுகிய திருகும் இளகும்



"மரை கழன்றவன்" என்று ஒருவனை நாம் கேலி செய்கிறோம். மரை கழல்வது அத்துணை எளிது என்று எண்ணித்தான் நம்மவர் அந்தச் சொல்லை ஆக்கினார்கள் போலும்! கழலவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு மரையோடு மல்லுக்கு நின்று தோற்றவன் நான். இரசாயனத்தில் முதுகலை பயில்கிறேன். இரும்பு துருப்பிடிப்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால் உறக்கத்திலும் எழுதுவேன். ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் துருப்பிடித்த போல்ட்டு ஒன்று எனக்கு வைத்த பரீட்சையில் நான் பெற்ற மதிப்பெண் பூஜ்யம். அந்தத் தோல்வியையும், அதன்பின் கற்ற பாடத்தையும் உங்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை. விடுதியில் சைக்கிள் வைத்திருப்போரும், ஊரில் பம்புசெட்டு வைத்திருப்போரும் இதைப் படித்தால் நாலு போல்ட்டாவது பிழைக்கும் அன்றோ?

நடந்தது என்ன?

என் வீடு இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளத்துக்கு அப்பால், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறது. பாட்டனார் காலத்தில் மதுரைச் சீமையிலிருந்து போடிமெட்டு ஏறி வந்த குடும்பம் எங்களுடையது. லயத்தில் பதினெட்டு வீடுகள். மேட்டிலுள்ள ஓடையிலிருந்து ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய். குழாயின் நடுவே வார்ப்பிரும்பு வால்வு ஒன்று. அந்த வால்வுக்குள் ஏறி இறங்கித் தண்ணீரைத் திறந்து மூடும் கதவு, தண்டிலிருந்து கழன்று கீழே விழுந்துவிட்டது. கைப்பிடியை எத்தனை சுற்றினாலும் தண்ணீர் நூல்போலத்தான் வந்தது. நிர்வாகத்துக்குச் சொல்லியாயிற்று. ஆள் வரும், ஆனால் நாளாகும் என்று பதில் வந்தது.

"எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கும்போது ஆளுக்கு ஏன் காத்துக்கிடக்கணும்?" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அந்த ஒரு சொல் போதாதா? ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வால்வின் மூடியை நான்கு அரை அங்குலப் போல்ட்டுகள் அதன் உடலோடு பிணைத்திருந்தன. நான்கின் தலையும் செம்பழுப்பு நிறத்தில் பொருக்குத் தட்டிக் கிடந்தன. ஸ்பேனரை மாட்டி இழுத்தேன், அசையவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கினேன். முழு மூச்சோடு இழுத்தேன். "டக்" என்று ஓர் ஓசை. கழன்றுவிட்டது என்று மகிழ்ந்தேன். கையில் வந்தது போல்ட்டின் தலை மட்டுமே! மூடி ஒரு பக்கம் தளர்ந்து தண்ணீர் விசிறியடித்தது. ஓடிப்போய்த் தொட்டியின் வாயை அடைத்தோம். நூல்போல வந்த தண்ணீரும் நின்றது.

இரண்டு நாள் பதினெட்டு வீட்டுப் பெண்களும், காலை முதல் கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு, குடம் எடுத்துக்கொண்டு ஓடைக்கு ஏறி இறங்கினார்கள். அவர்களுள் என் அம்மாவும் ஒருத்தி. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அன்றிரவே அம்மா தன் தம்பிக்குப் போன் செய்தாள்.

துரு ஏன் இறுக்குகிறது?

மாமா வந்து சேர்வதற்குள், அந்தப் போல்ட்டு ஏன் அசையவில்லை என்பதைப் பார்த்துவிடுவோம்.

துருப்பிடிக்க இரும்போடு இரண்டு பொருள்கள் வேண்டும்: நீர், பிராணவாயு. இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் துரு இல்லை. ஈரம் படிந்த இரும்பின் ஓரிடத்தில் இரும்பணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து கரைகின்றன. மற்றோரிடத்தில் நீரும் பிராணவாயுவும் அந்த எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்கின்றன. இவ்விரண்டும் கூடிய விளைவே நாம் காணும் துரு. ஒரே இரும்பில் இரு முனைகள் கொண்ட சிறு மின்கலம் ஒன்று ஓடுகிறது எனலாம்.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. பிராணவாயு குறைந்த இடமே கரையும் முனையாகிறது. போல்ட்டின் தலை காற்றைப் பார்த்து நிற்கிறது. மரையின் சந்திலோ ஈரம் புகுந்து தேங்குகிறது, காற்று புகுவதில்லை. ஆதலின், வெளியே தலை ஓரளவு நன்றாகத் தோன்றும்போதே, உள்ளே நம் கண் படாத இடத்தில் இரும்பு அரிக்கப்படுகிறது.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. துரு, தான் உண்ட இரும்பைவிடப் பருமனானது. இரும்பின் அடர்த்தி 7.87, சாதாரண இரும்பு ஆக்சைடின் அடர்த்தி ஏறக்குறைய 5.2. பிராணவாயுவின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு பங்கு இரும்பு துருவானபின் இரண்டு பங்கு இடத்தைக் கேட்கிறது. நீர் சேர்ந்த துருவாயின் மூன்று பங்கும் கேட்கும். மரைக்கும் மரைக்கும் நடுவே உள்ள இடைவெளியோ மயிரிழை அளவுதான். அதற்குள் இரு மடங்கும் மும்மடங்கும் பெருத்த துரு அடைந்தால் என்ன ஆகும்? ஆப்பு அறைந்ததுபோல் இறுகாதா? "துருப்பிடித்தது" என்று நம்மவர் சொல்வது வெறும் பேச்சன்று. உண்மையிலேயே அது *பிடிக்கிறது*.

பலம் ஏன் உதவவில்லை?

அறைக்குத் திரும்பியதும் ஒரு கணக்குப் போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது.

அரை அங்குலப் போல்ட்டில், மரையின் பள்ளத்தை நீக்கிவிட்டால், எஞ்சும் உள்தண்டின் விட்டம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். சாதாரண மென்எஃகால் ஆன அத்தண்டு ஏறக்குறைய 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரை தாங்கும். என் ஸ்பேனரின் நீளம் 25 செ.மீ. அதன் முனையில் 20 கிலோ விசையோடு இழுத்தால் 50 நியூட்டன் மீட்டர், தண்டு பிழைக்கும். குழாயைச் செருகி 75 செ.மீ. ஆக்கி அதே 20 கிலோவோடு இழுத்தால் 150! அதாவது தண்டு தாங்குவதைப்போல் இரண்டரை மடங்கு. அன்றியும், அரிக்கப்பட்ட தண்டின் விட்டம் 10-லிருந்து 9 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தால், அதன் முறுக்கு வலிமை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஏனெனில் வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது.

ஆகவே போட்டி இதுதான்: துருவின் பிடி முதலில் விடுமா, தண்டு முதலில் முறியுமா? வெறும் பலம் இரண்டையும் ஒருசேர வருத்துகிறது. தண்டை வருத்தாமல் துருவை மட்டும் வருத்துவது எப்படி என்று அறிவதே இந்தக் கலை. இனி வரும் முறைகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில்களே.

மாமா வந்தார்

மாமா முப்பது ஆண்டு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலிசெய்துவிட்டுப் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் குடிபோனார். அங்கிருந்து எங்கள் ஊருக்கு வருவதென்றால், கேரளத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று தமிழ்நாட்டைக் கடந்து, சின்னாறு, மறையூர் வழியாக மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். மறுநாள் மாலை துணிப்பையோடு வந்து இறங்கினார். பையில் கம்பி பிரஷ், சுத்தியல், வளைய ஸ்பேனர்கள், ஒரு புட்டியில் எண்ணெய், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு டப்பா கிரீஸ்.

முறிந்த தலையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது போகட்டும் மாப்ளே. மிச்சம் மூணு இருக்குல்ல? அதைக் காப்பாத்துவோம்" என்றார்.

முதலில் கம்பி பிரஷால் தலையையும், மூடியைத் தொடும் விளிம்பையும் நன்கு தேய்த்தார். பொருக்கு நீங்கினால்தான் எண்ணெய் உள்ளே புகும். ஸ்பேனரும் சரியாக உட்காரும்.

இரண்டாவது, ஸ்பேனர். நான் மாட்டியது மில்லிமீட்டர் ஸ்பேனர். அந்த வால்வோ பழைய ஆங்கிலேய அளவில் செய்தது. 1841-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர், ஆளுக்கொரு மரை என்றிருந்த குழப்பத்தை நீக்க, இன்ன விட்டத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று வரையறுத்தார். அரை அங்குலத்துக்குப் பன்னிரண்டு மரை. அவர் பெயரால் வழங்கும் அந்த அளவிலான பொருள்கள் மலைத்தோட்டங்களில் இன்றும் உண்டு. அளவு சற்றே பெரிதான ஸ்பேனர் தலையின் ஆறு மூலைகளையும் மழுக்கிவிடும். மழுங்கிய தலையைப் பிறகு யாரும் பிடிக்க முடியாது. வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கங்களை மட்டும் பற்றும். வளைய ஸ்பேனரோ சுற்றிலும் பற்றும். மாமா விட்வொர்த் அளவு வளைய ஸ்பேனரையே எடுத்தார்.

மூன்றாவது, எண்ணெய். மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் எண்ணெயும் சரிபாதி. மண்ணெண்ணெய் மிக இளகலானது. விளக்குத் திரியில் எப்படி மேலேறுகிறதோ, அப்படியே துருவின் நுண்ணிய வெடிப்புகளிலும் தானே ஊர்ந்து செல்லும். எஞ்சின் எண்ணெய் தனியாகப் போகாது. மண்ணெண்ணெயின் கைப்பிடித்துப் போய், அங்கேயே தங்கி வழுக்கலைத் தரும். கடையில் விற்கும் துரு நீக்கித் தெளிப்பான்களின் தத்துவமும் ஏறக்குறைய இதுவே. அவற்றுள் பேர்பெற்ற டபிள்யூ.டி.-40 என்பது 1953-ல் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில், அட்லஸ் ஏவுகணையின் உடல் துருப்பிடிக்காமல் காக்கவே உருவாயிற்று. நீரை விலக்கும் கலவையை நாற்பதாவது முயற்சியில் கண்டதால் அந்தப் பெயர் என்பர்.

"தேங்காய் எண்ணெய் விடலாமா?" என்று கேட்டேன். மாமா சிரித்தார். ஏன் சிரித்தார் என்பது பிறகே விளங்கியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். எங்கள் மலையிலோ அது புட்டியிலேயே உறைந்து கிடக்கும். மரைக்குள் எங்ஙனம் ஊரும்? புளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புளியிலுள்ள அமிலம் துருவைக் கரைக்கும் என்பது உண்மையே. கழற்றி எடுத்த சிறு போல்ட்டைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டால் துரு நீங்கும். இறுகிக் கிடக்கும் மரையின் ஆழத்துக்கு அது போய்ச் சேராது.

எண்ணெயை விட்டதும் ஸ்பேனரை எடுப்பார் என்று எண்ணினேன். அவரோ கையைத் துடைத்துக்கொண்டு, "வா, சாப்பிடுவோம்" என்றார். இரவு படுக்குமுன் இன்னொரு முறை விட்டார். விடியற்காலை இன்னொரு முறை. எண்ணெய்க்கு வேண்டியது நம் பலம் அன்று; நேரம்.

காலையில் சுத்தியலை எடுத்தார். போல்ட்டின் தலையில் நேர் மேலிருந்து, அளவான அடிகள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து. துரு கடினமானது, ஆனால் நொறுங்கும் இயல்புடையது. எஃகோ அடியைத் தாங்கி அதிரும் இயல்புடையது. ஒரே அடி எஃகை ஒன்றும் செய்யாமல் துருவில் மட்டும் வெடிப்பை உண்டாக்குகிறது. வெடித்த இடத்தில் எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்குகிறது. தண்டை விட்டுத் துருவை மட்டும் வருத்துவது என்றேனே, அது இதுதான்.

பிறகு ஸ்பேனரை மாட்டினார். என்ன வியப்பு! கழற்றும் பக்கம் அன்று, இறுக்கும் பக்கம் ஒரு சிறு உந்து உந்தினார். "இம்மி அசைஞ்சா போதும்" என்றார். எந்தப் பக்கம் அசைந்தாலும் துருவின் பிடி உடைந்ததாகத்தானே பொருள்? அடுத்துக் கழற்றும் பக்கம் சிறிது, "கிறீச்" என்றது. உடனே நிறுத்தி, மீண்டும் உள்ளே சிறிது, எண்ணெய் ஒரு சொட்டு, மீண்டும் வெளியே சிறிது அதிகம். கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே. நொறுங்கிய துருத்தூள் மரையில் சேர்ந்து மீண்டும் ஆப்பாகாமல் இருக்கவே இந்தப் போக்குவரத்து. ஒரேயடியாகத் திருகினால், பாதி வழியில் இறுகி, அங்கே முறியும்.

ஒரு மணி நேரத்தில் மூன்று போல்ட்டும் மூன்று தலையோடு தரையில் கிடந்தன.

முறிந்ததை எடுத்த விதம்

மூடியை எடுத்ததும், நான் முறித்த போல்ட்டின் தண்டு வால்வின் உடலில் ஒரு விரற்கடை உயரம் நீட்டிக்கொண்டு நின்றது. தலைக்கு அடியிலேயே முறிந்தது எங்கள் நல்ல காலம். வார்ப்பிரும்பின் மட்டத்தோடு முறிந்திருந்தால் நடுவில் துளையிட்டு எடுப்பதோ, அதன்மேல் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருகுவதோதான் வழி.

இங்கே மாமா நெருப்பை அழைத்தார். எண்ணெயை நன்கு துடைத்துவிட்டு, தண்டை மட்டும் காஸ் விளக்கால் சுடவைத்தார், ஆறவிட்டார், மீண்டும் சுடவைத்தார். எஃகு 300 டிகிரி சூடேறினால் அரை அங்குல விட்டத்துக்கு ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் விரியும். தலைமயிரின் பருமனிலும் குறைவுதான். ஆனால் சந்தில் அடைந்த துருவை நெரித்துப் பிளக்க அது போதும். ஆறும்போது தண்டு சுருங்குகிறது, பிளந்த துரு விலகி நிற்கிறது. கை பொறுக்காத சூடு இருக்கையில் மெழுகுவர்த்தியை அடியில் தொட்டார். மெழுகு உருகி மரைக்குள் உறிஞ்சப்பட்டது. பிறகு பைப் ரெஞ்சால் பிடித்து, முன்னே பின்னே அசைத்து, முழுத் தண்டையும் வெளியே கொண்டுவந்தார்.

நெருப்பைப் பயன்படுத்துவோர் சிலவற்றை மறவாதிருக்க வேண்டும். பெட்ரோல் டாங்கின் பக்கத்தில் நெருப்பே கூடாது. நாக முலாம் பூசிய போல்ட்டைச் சுட்டால் எழும் புகை காய்ச்சலை வரவழைக்கும். தண்ணீர் அடைபட்டு நிற்கும் குழாயைச் சுட்டால் நீராவி வெடிக்கும். வார்ப்பிரும்பை ஒரு பக்கம் மட்டும் கடுமையாகச் சுட்டால் அது விரிசல் விடும். மாமா தண்டை மட்டும் சுட்டது அதனால்தான். சுத்தியலடிக்கும்போது கண்ணாடி அணியுங்கள். துருச் சில்லு கண்ணில் பட்டால் கண் போகும். ஸ்பேனரை முன்னே தள்ளாமல் நம்மை நோக்கி இழுங்கள். திடீரென்று விடுபட்டால் விரல் மொழி பிழைக்கும்.

கதவைத் தண்டில் மாட்டி, எண்ணெய் பட்ட இடங்களை எல்லாம் சோப்புத் தண்ணீரால் கழுவி, புதிய போல்ட்டுகளோடு மூடியைப் பூட்டினோம். குடிநீர் அல்லவா? அரை மணி நேரம் தண்ணீரை வீணே ஓடவிட்ட பிறகே குடம் வைக்கச் சொன்னார் மாமா. முதல் குடத்தைப் பெரியம்மா பிடித்தார்.

கிரீஸ் டப்பாவின் பெருமை

புதிய போல்ட்டுகளைப் பூட்டுமுன் ஒவ்வொன்றின் மரையிலும் மாமா விரலால் கிரீஸ் தடவினார். மேலே நான் எழுதிய அத்தனை பக்குவமும் முன்பு யாரோ தடவாமல் விட்ட அந்த ஒரு விரல் கிரீஸின் விலைதான். கிரீஸ் நீரை உள்ளே விடாது, நீர் புகாவிட்டால் மின்கலம் ஓடாது, துரு பிறவாது.

இதை நன்கறிந்து, விதியாகவே வைத்திருக்கும் இலாகா ஒன்று நம் நாட்டில் உண்டு. அது இரயில்வே. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு 1932-ல் போட்ட மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2008-ல் மூடப்பட்டு, 2015-ல் மீண்டும் திறந்தது. மாமாவின் ஊர்க்காரர்கள் அந்தப் பாதையைப் பார்த்து வளர்ந்தவர்கள். இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் இருபுறமும் இரும்புப் பட்டைகள் வைத்துப் போல்ட்டுகளால் பூட்டுவார்கள். 'பிஷ் பிளேட்' என்பது அதன் பெயர். வெயிலில் தண்டவாளம் நீளும். 13 மீட்டர்த் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் நாலரை மில்லிமீட்டர் நீளும். மூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டால் அது நகர இடமின்றித் திணறும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் முதல் பிப்ரவரி வரையுள்ள காலத்தில், மூட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, பட்டைகளுக்கு மண்ணெண்ணெயில் குழைத்த கரித்தூள் போன்ற கிராபைட்டும், போல்ட்டுகளுக்கு எண்ணெயும் இட்டுப் பூட்ட வேண்டும் என்பது இரயில்வேயின் விதி. இன்று தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டதால் மூட்டுகள் குறைந்துவிட்டன. ஆயினும் மூட்டு இருக்குமிடத்தில் விதியும் இருக்கிறது. வெயிலிலும் பனியிலும் தண்டவாளத்தோடு நடந்த கேங்மேன்கள், போல்ட்டு இறுகிய பிறகு போராடவில்லை. இறுகுமுன்பே ஆண்டுதோறும் திறந்து பார்த்தார்கள்.

திறந்து பார்ப்பது என்பதுதான் முக்கியம். எங்கள் வால்வை எத்தனை ஆண்டு யாரும் திறக்கவில்லையோ, அத்தனை ஆண்டும் துரு வேலை செய்துகொண்டிருந்தது. டிசம்பரில் ஊருக்குப் போனபோது, லயத்துப் பையன்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு, தண்ணீரை அடைத்துவிட்டு, ஒரு போல்ட்டை மட்டும் திருகிப் பார்த்தேன். ஒரு கையால் இழுத்ததும் இளகியது. மீண்டும் கிரீஸ் தடவி, பையன்களையே பூட்டச் சொன்னேன். அடுத்த டிசம்பரில் நான் ஊரில் இல்லாவிட்டாலும் அவர்கள் திறப்பார்கள்.

மாமா ஊருக்குத் திரும்பும்போது அந்தக் கிரீஸ் டப்பாவை என்னிடமே விட்டுச் சென்றார். இப்போது விடுதியில் என் அறை அலமாரியில் இருக்கிறது. சைக்கிள் சக்கரத்தின் நட்டு இறுகிவிட்டது என்று யாரேனும் வந்தால், ஸ்பேனரில் குழாய் மாட்டுமுன் என் அறைக்கு வாருங்கள். எண்ணெய் விட்டு, ஓர் இரவு பொறுத்து, மறுநாள் சேர்ந்தே கழற்றுவோம்.